சிஸ்டம் ஆஃப்லைன்: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில், ஒரு தமிழ்ச் சங்க மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் கணினி உதவி மேசை நடக்கிறது. அடையாள அட்டை, உதவித்தொகை, மின்சார மீட்டர், வங்கி ஆப், கோயில் கணக்கு என்று எதற்காக வந்தாலும், பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "நான் உயிரோடு எதிரில் நிற்கிறேன், கம்ப்யூட்டர் ஏன் இல்லை என்கிறது?" அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எழுதி வைத்திருக்கிறோம். இங்கேயே ஐந்தாறு தலைமுறையாக இருப்பவர்களுக்கும், நேற்று சென்னையிலிருந்து வேலைக்கு வந்து இறங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான். இது சட்ட ஆலோசனை அல்ல.

ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலக வாசலில் விடியற்காலையிலிருந்து நின்றோம். ஒன்பது மணிக்கு "சிஸ்டம் ஆஃப்லைன்" என்றார்கள். உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

கிளையில் இருக்கும் கணினியில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டில் இருக்கின்றன. விரல் ரேகையும் முகமும் இன்னோர் அமைப்பில். நீங்கள் கட்டைவிரலை வைத்ததும் அந்த ரேகை மையத்துக்குப் போய், ஒப்பிடப்பட்டு, விடை திரும்பி வர வேண்டும். வழியில் லைன் அறுந்தாலும் சரி, மையத்தில் சர்வர் படுத்தாலும் சரி, கிளையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும் சரி, வாசலில் ஒட்டும் தாள் ஒன்றுதான்.

யாரைக் கேட்பது என்பதுதான் பெரிய சிக்கல். அரசுத் துறைகளுக்கு நெட்வொர்க்கும் மற்ற தொழில்நுட்பச் சேவைகளும் வாங்கித் தருவதற்கென்று 1998இல் ஒரு சட்டம் போட்டு, அரசுத் தகவல் தொழில்நுட்ப முகமை என்று ஒன்றை உருவாக்கினார்கள். துறைகள் தனித்தனியே வாங்கினால் செலவு கூடும், ஒன்றோடொன்று பேசாது என்பது அன்றைய நியாயம். நடந்தது வேறு. கிளை மேலாளர் துறையைக் காட்டுவார், துறை முகமையைக் காட்டும், முகமை தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் காட்டும். வரிசையில் நின்றவர் வீட்டுக்குப் போவார். 2025 மே மாதம் வந்த புதிய விதிகள், முகமை சரியாகச் செய்யாவிட்டால் துறைகள் வெளியே வாங்கிக்கொள்ள வழி விட்டிருக்கின்றன. எங்கள் கணக்கில் இது தாமதமாக வந்த நல்ல காரியம்.

நீங்கள் செய்யக்கூடியது: முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், அந்த முன்பதிவுச் சான்றைக் கையில் வைத்திருங்கள். சில பெரிய வங்கிக் கிளைகளிலும் ஸ்மார்ட் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். கூட்டம் குறைவு.

அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் என்னதான் இருக்கிறது?

முதல் ஆறும் பிறந்த தேதி: வருடம், மாதம், நாள். அடுத்த நான்கும் பாலினம்: 5000க்குக் கீழே என்றால் பெண், 5000 முதல் ஆண். பதினொன்றாவது, குடிமகனா நிரந்தரக் குடியிருப்பாளரா என்பது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முன்னால் உள்ள பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும். ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் இயந்திரம் உடனே கண்டுபிடித்துவிடும்.

விட்டுப்போன பன்னிரண்டாவதற்கு இன்று அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் எண்ணின் கடைசிப் பகுதிக்கு ஒரு கதை உண்டு. 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் நாட்டில் உள்ள ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்து எழுதியது. பின்னாளில் அடையாள எண்ணுக்குள்ளேயே இனத்துக்கும் ஒரு குறியீடு ஏறியது. 1986இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அது எண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டுச் சட்டமே 1991இல்தான் ஒழிந்தது. பதிவேட்டில் "இந்தியர்" என்று விழுந்ததை வைத்துத்தான் டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்டன. கம்ப்யூட்டர் வெறும் கருவிதானே, நல்லது கெட்டது மனிதர்கள் கையில்தானே என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். கட்டம் போட்ட பிறகு, அதை நிரப்பும் குமாஸ்தா நல்லவராக இருந்தும் பயனில்லை.

அப்படியானால் வேலை விண்ணப்பத்தில் இன்னும் இனம் கேட்கிறார்களே?

அது 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்துக்காக. நீங்களே உங்களைக் குறிப்பிடுகிறீர்கள், உங்கள் அடையாள எண்ணில் அது ஏறுவதில்லை. வேறுபாடு அதுதான். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் குழம்ப வேண்டாம். அந்தச் சட்டத்தின் சலுகைப் பிரிவுகள் தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கானவை.

அண்ணன், தம்பி, அக்கா மூவருக்கும் குடும்பப் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு வங்கி பணம் தர மறுக்கிறது. ஏன்?

இந்த மேசைக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான், நீளமாகவே சொல்லுகிறோம்.

மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரோடு வந்து சேர்ந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல். அதில் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று கட்டங்கள். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி மூன்சாமி ஆனார், பெருமாள் பெர்மல் ஆனார், ஆறுமுகம் ஆர்மூகம் ஆனார். அப்பா பெயரை முன்னால் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு பிரிட்டிஷ் காலனியான நட்டாலில் இடமில்லை. பிறகு குடும்பப் பெயர் என்றொரு கட்டம் வந்தது. அதில் சாதிப் பட்டத்தைப் போட்டவர்கள் உண்டு, தாத்தா பெயரைப் போட்டவர்கள் உண்டு. பிள்ளை, நாயுடு, மூட்லி, கவுண்டர் என்று இன்று டர்பன் தொலைபேசிப் புத்தகத்தை நிறைப்பவை அப்படி நிலைத்தவை. ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பையும் வேறு வேறு எழுத்தர் பதிந்ததால், ஒரே வீட்டில் மூன்று எழுத்துக்கூட்டல்.

காகிதக் காலத்தில் இது தொல்லையாகவே இருக்கவில்லை. கவுன்டரில் இருந்தவர் பார்ப்பார், "அட, எல்லாம் ஒரே குடும்பம்தானே" என்று முத்திரை குத்துவார். கணினிக்கு அந்த "அட" தெரியாது. ஓர் எழுத்து மாறினால் அதற்கு வேறு ஆள். எழுத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் தேடல் முறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் பணம் கொடுக்கும் இடத்தில் எந்த வங்கியும் அதை நம்பிக் கை வைக்காது.

செய்ய வேண்டியது: ஹோம் அஃபேர்ஸில் முழு வடிவப் பிறப்புச் சான்றிதழ் கேளுங்கள். பெற்றோர் விவரம் அடங்கியது அதுதான். மூவர் சான்றிதழிலும் அப்பாவின் அடையாள எண் ஒன்றாக இருந்தால், அந்த எண்ணே உறவுக்குச் சாட்சி. அதோடு, சத்தியப்பிரமாண அதிகாரி முன் எழுதிய உறுதிமொழி ஒன்று. காவல் நிலையத்தில் இதை இலவசமாகச் செய்து தருவார்கள். பெயரையே திருத்த வேண்டுமானால் அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. காலம் பிடிக்கும், சொத்து விவகாரம் நடுவில் ஓடும்போது அதைத் தொடாதீர்கள்.

கப்பல் பட்டியலை இணையத்தில் பார்க்க முடியுமா?

முடியும். வெஸ்ட்வில்லில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் வழியாகத் தேடலாம். பெயரை வைத்துத் தேடினால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள். ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட எண் பிள்ளைகளின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளிலும் எழுதப்பட்டிருக்கும். முதலில் அந்தத் தாளைக் கண்டுபிடியுங்கள், பிறகு எண்ணை அடியுங்கள். இந்தியா தன் வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு முன்னோர் ஆதாரம் தேடுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

ஒரு சிறு குறிப்பு. ஊரின் பெயர் கட்டத்தில் இருப்பதைப் பார்த்ததும் தமிழ்நாட்டுக்கு விமானம் ஏறிவிடாதீர்கள். அதே பெயரில் பத்து ஊர் இருக்கும். மாவட்டக் கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆயாவின் (பாட்டியின்) உதவித்தொகைக்கு ஏன் அடிக்கடி கார்டு மாறுகிறது? ஒரு முறை மாறினால் போதாதா?

உதவித்தொகையைத் தீர்மானிப்பது ஸாஸா, அதாவது தென்னாப்பிரிக்கச் சமூகப் பாதுகாப்பு முகமை. கையில் கொண்டு சேர்ப்பதை அது வெளியாருக்குக் கொடுத்துவிட்டது. கதை அங்கே தொடங்குகிறது.

2012இல் ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தம் பெற்று, பயனாளிகளின் விரல் ரேகையையும் குரலையும் பதிவு செய்தது. ஒப்பந்தம் கொடுத்த முறையே சட்டப்படி செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் மாதாமாதம் பணம் போய்ச் சேர்ந்தாக வேண்டுமே. ஆகவே தீர்ப்பை நிறுத்தி வைத்து, மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசம் கொடுத்தது. அவகாசம் முடியும் 2017 மார்ச்சில், மாதம் 1.7 கோடி உதவித்தொகைகள் போக வேண்டிய நிலையில், மாற்று எதுவும் தயாராகவில்லை. அதே நிறுவனத்தையே இன்னும் பன்னிரண்டு மாதம் தொடரச் சொல்வதைத் தவிர நீதிமன்றத்துக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. வழக்குச் செலவில் ஒரு பங்கைத் துறை அமைச்சர் சொந்தக் காசிலிருந்து கட்ட வேண்டும் என்று 2018இல் உத்தரவானது.

இடைப்பட்ட காலத்தில் வேறொன்று நடந்தது, அதைத்தான் பாட்டிமார்கள் மறக்கவில்லை. யார் யாருக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்ற பட்டியல் கையில் இருந்தால் கடன், காப்பீடு, ஏர்டைம் விற்பது சுலபம். பயனாளி கணக்கில் பணம் விழுந்ததும் கழித்துக்கொண்டார்கள். பலருக்கு எதற்குக் கழிந்தது என்றே தெரியாது. பிளாக் சாஷ் என்ற மனித உரிமை அமைப்பு இதை எதிர்த்து இயக்கம் நடத்தியது, 2017 வழக்கைத் தொடுத்ததும் அதுவே. பயனாளிகளின் விவரங்களை விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் அப்போது தெளிவாகவே எழுதியது.

2018இல் பணம் கொடுக்கும் வேலை தபால் துறையின் போஸ்ட்பேங்க் கைக்கு வந்தது. அங்கே இன்னொரு கூத்து. அட்டைகளைப் பாதுகாக்கும் 36 இலக்க முதன்மைச் சாவி எண்ணை ஊழியர்கள் சிலர் காகிதத்தில் அச்சடித்து எடுத்துவிட்டது 2020இல் வெளியே வந்தது. சுமார் 1.2 கோடி அட்டைகளை மாற்ற வேண்டிய நிலை. அதற்குப் பிறகும் அட்டை மாறியிருக்கிறது. நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் சாதாரண வங்கிக் கணக்குக்கே பணத்தை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் அதையே சொல்வோம். வங்கிக் கட்டணத்தை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலையில்லாதவர்களுக்கான 370 ரேண்ட் உதவிக்குத் தம்பி விண்ணப்பித்தான். "வருமானம் இருக்கிறது" என்று நிராகரிப்பு. அவனுக்கு ஒரு சென்ட் வருமானம் இல்லை.

அவன் கணக்கில் யாராவது பணம் போட்டீர்களா? அக்கா மளிகைக்கு அனுப்பியது, மாமா வாங்கின கடனைத் திருப்பியது, எதுவாக இருந்தாலும் மாதம் 624 ரேண்டைத் தாண்டினால் இயந்திரம் அதை வருமானம் என்று படிக்கும். இந்த உதவி கொரோனா காலத்தில், 2020 மே மாதம், 350 ரேண்டாகத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் 370 ஆனது. தொடக்கத்திலிருந்தே விண்ணப்பம் இணையத்திலும் போனிலும்தான். தகுதி பார்ப்பதும் தரவுத்தளங்களை ஒப்பிட்டுத்தான், மனிதர் யாரும் கோப்பைத் திறப்பதில்லை.

இணையம் வழியாக மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பதும், உறவினர் கொடுத்ததை வருமானமாக எண்ணுவதும் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆகவே தீர்ப்பைக் காட்டி உடனே பணம் கேட்க முடியாது, மறுபரிசீலனைக்கு எழுதலாம். நிராகரிப்பு ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனி, மறுபரிசீலனையும் அந்தந்த மாதத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும். இதைத் தெரியாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

வயதானவர்களின் வங்கி அட்டைப் பின் (PIN) எண்ணை வீட்டில் யார் வைத்திருக்கலாம்?

யாரும் வைத்திருக்கக் கூடாது என்பது வங்கியின் பதில். நடப்பு வேறு. பெரியம்மா ஒருவர் மேசைக்கு வந்தார். கைப்பையிலிருந்து கார்டை எடுத்தார், பிளாஸ்டிக் உறையின் மேலேயே பென்சிலால் நான்கு இலக்கம். "பேரன்தான் எழுதி வச்சான், எனக்கு மறந்து போகும்னு" என்றார். அந்தப் பேரன் நல்லவன், மாதாமாதம் பணம் எடுத்து ரசீதோடு கொடுக்கிறான். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. முன்பு ஆயாவே பணம் வாங்க வரிசையில் நிற்பார், கையில் வாங்குவார், யாருக்கு எவ்வளவு என்று அவரே பிரிப்பார். இப்போது போன் வைத்திருப்பவர் பிரிக்கிறார். வீட்டுக்குள் அதிகாரம் கை மாறியது யாரும் முடிவெடுத்து நடந்ததில்லை, திரை சின்னதாகவும் எழுத்து பொடியாகவும் இருந்ததால் நடந்தது.

நடக்க முடியாதவர்களுக்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. அவர் சார்பில் பணம் எடுக்க ஒருவரை ஸாஸா அலுவலகத்தில் எழுத்துமூலம் நியமிக்கலாம். யார் எடுக்கிறார் என்பது பதிவில் இருக்கும். சொந்த வங்கிக் கணக்கானால், பணம் எடுத்ததும் வரும் எஸ்எம்எஸ் எடுப்பவர் போனுக்குப் போகாமல் வேறொருவர் போனுக்குப் போகும்படி வையுங்கள். உறவில் கசப்பு வராமல் கணக்குச் சரியாக இருக்கும்.

2024இல் மின்சார மீட்டருக்கு நாற்பது இலக்கம் அடிக்கச் சொன்னார்களே, அது எதற்கு?

ப்ரீபெய்ட் மீட்டர் எந்த நெட்வொர்க்கோடும் இணைந்திருப்பதில்லை. கடையில் காசு கட்டினால் வரும் 20 இலக்க டோக்கனில்தான் எல்லாமே மறைகுறியாக்கப்பட்டு இருக்கிறது: எத்தனை யூனிட், எப்போது வாங்கியது. உங்கள் மீட்டர் மட்டுமே அதைப் பிரித்துப் படிக்கும். அதே டோக்கனை இரண்டாவது முறை அடித்தால் ஏற்காது. தென்னாப்பிரிக்காவில் உருவான முறை இது, இன்று உலகம் முழுக்கப் பல நாடுகளில் ஓடுகிறது. நெட் இல்லாத ஊரிலும் வேலை செய்யும்படி யோசித்திருக்கிறார்கள், உண்மையிலேயே கெட்டிக்கார வேலை.

நேரத்தை அது 1993 ஜனவரி 1 முதல் நிமிடக் கணக்கில் எண்ணுகிறது. எண்ணுவதற்கு ஒதுக்கிய இடம் 24 பிட், அதாவது 1,67,77,216 நிமிடம். அது 2024 நவம்பர் 24 அன்று தீர்ந்தது. அதற்குள் டோக்கனைப் பிரித்துப் படிக்கும் மீட்டரின் சாவி எண்ணை மாற்றி எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்க வேண்டும், அதற்குத்தான் 20 இலக்கமாக இரண்டு எண்கள். மாற்றாத மீட்டர் புது டோக்கனை வாங்காது. ஆயாமார் நான்கு நான்காகச் சத்தமாகப் படிக்க, பேரப்பிள்ளைகள் ஸ்டூல் மேல் ஏறி நின்று அடித்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தோம். முப்பத்தோரு வருடம் முன்னால் யாரோ ஒரு பொறியாளர் "இவ்வளவு போதும்" என்று விட்ட இடம், நாடு முழுக்கச் சமையலறைச் சுவரில் வந்து முடிந்தது.

காசோலை நின்ற பிறகு எங்கள் கோயில் கமிட்டிக் கணக்கு குழப்பமாகிவிட்டது. என்ன செய்வது?

தென்னாப்பிரிக்க வங்கிகள் காசோலையை 2020 டிசம்பர் 31ஓடு நிறுத்தின. மோசடியும் செலவும் காரணம், பயன்பாடும் குறைந்து போயிருந்தது. வங்கிக்கு அது ஒரு பணமாற்று முறை. நம் சங்கங்களுக்கு அது ஒரு கட்டுப்பாடு. கோயில் விதிகளில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: தலைவரும் பொருளாளரும் இருவருமாகக் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே போகும். இரண்டாவது கையெழுத்துக்காகப் பொருளாளர் தலைவர் வீட்டுக்குப் போவார், காபி வரும், "இது என்ன செலவு?" என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்வி இப்போது வருவதில்லை. பொருளாளர் போனில் ஆப் இருக்கிறது, கட்டை விரலில் முடிகிறது. அவர் நேர்மையானவர் என்பது வேறு விஷயம். அவர் போன் திருடு போனால் என்ன செய்வீர்கள்?

நிறுவனக் கணக்குகளுக்கு ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி இருக்கிறது. வங்கியில் கேட்டு வாங்குங்கள், கட்டணம் கொஞ்சம் கூடும். காவடிக்கு வரும் காணிக்கையை யாருடைய சொந்தக் கணக்கின் க்யூஆர் குறியீட்டிலும் வாங்காதீர்கள். விதிகளில் "காசோலையில் இருவர் கையெழுத்து" என்று இன்னும் இருந்தால், அடுத்த பொதுக்குழுவில் திருத்துங்கள். தணிக்கையாளர் கேட்பார்.

கோயில் உறுப்பினர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

போடாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பேச்சு வழக்கில் பாப்பியா, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சிறிய கோயிலுக்கும் அது பொருந்தும். ஒருவரின் மத நம்பிக்கை அதில் சிறப்புத் தகவல். சமய அமைப்பு தன் உறுப்பினர் விவரத்தை வைத்துக்கொள்ளலாம், அவர் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குத் தரக் கூடாது. தேர்தல் நேரத்தில் "லிஸ்ட் கொஞ்சம் அனுப்புங்க" என்று யார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.

அரசிடம் இருக்கும் எங்கள் தகவலை அரசே பாதுகாக்கிறதா?

நீதித்துறை அமைச்சகத்தைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 6 அன்று பணயத்தொகை கேட்டுக் கணினியைப் பூட்டும் ரான்சம்வேர் தாக்கி அமைப்புகள் முடங்கின. ஜீவனாம்சம் தாமதமானது, இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரக் கடிதங்கள் நின்றன, பல வேலைகள் கையால் நடந்தன. தகவல் ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தபோது வைரஸ் தடுப்பு மென்பொருள் உட்படப் பாதுகாப்பு மென்பொருட்களின் உரிமம் 2020இலேயே காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல் இருந்தது தெரிந்தது. ஆணையம் சொன்னதையும் செய்யாததால் 2023 ஜூலையில் 50 லட்சம் ரேண்ட் அபராதம். பாப்பியாவின் கீழ் முதல் அபராதமே அரசுத் துறைக்குத்தான் விழுந்தது.

2024 ஜூனில் தேசிய சுகாதார ஆய்வக சேவை தாக்கப்பட்டபோது அரசு மருத்துவமனைகளில் இரத்தப் பரிசோதனை முடிவுகள் கணினியில் வராமல், அவசரமானவற்றைப் போனில் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பழைய மருத்துவ அறிக்கையின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

முன்னாள் அதிபர் ஜுமா சிறைக்குப் போனதும் வெடித்த 2021 ஜூலைக் கலவரத்தில் வாட்ஸ்அப்பின் பங்கு என்ன?

இரண்டு பக்கமும் உண்டு. போலீஸ் வராத நாட்களில் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே ரொட்டி கிடைக்கிறது, யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று தெருக்களை இணைத்தது அதுதான். அதே குழுக்களில் "இத்தனை பஸ்ஸில் வருகிறார்கள்" என்று யார் பேசினார், எங்கிருந்து பேசினார் என்றே தெரியாத குரல்பதிவுகள் சுற்றின. நாட்டில் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் 36 பேர், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அதை வாட்ஸ்அப் தலையில் மட்டும் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. தெருத் தடுப்புகளில் காவல் நின்றவர்கள் மனிதர்கள்தாம். குழு நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பதற்றமான நேரத்தில் முன்னனுப்பிய குரல்பதிவுகளை அனுமதிக்காதீர்கள். அனுப்புகிறவர் தானே பார்த்ததைத் தன் பெயரோடு எழுதட்டும்.

அதே மாதம் 22ஆம் தேதி துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டு டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை முடங்கியது. கலவரம் அடங்கிய கையோடு நடந்தது இது, பலர் அதை மறந்துவிட்டார்கள்.

டேட்டா விலை ஏன் இவ்வளவு?

முன்பு இன்னும் மோசம். 2016இல் டேட்டா விலையைக் குறைக்கச் சொல்லி மக்கள் இயக்கம் கிளம்பியது. போட்டி ஆணையம் விசாரித்து, 2019 டிசம்பரில் இரண்டு பெரிய நிறுவனங்களையும் விலை குறைக்கச் சொன்னது. வோடகாமின் ஒரு ஜிபி மாதப் பொதி 2020 ஏப்ரலில் 149 ரேண்டிலிருந்து 99 ஆனது. இன்னும் சின்னப் பொதி வாங்குகிறவர்தான் எம்பிக்கு அதிகம் கொடுக்கிறார், அதாவது ஏழை.

உம்லாங்கா கால் சென்டரில் மகளுக்கு வேலை. ஏஐ வந்தால் போய்விடுமா?

பிரிட்டிஷ் நிறுவனங்களின் அழைப்புகள் டர்பனுக்கு வந்தது சம்பளக் குறைவாலும் ஆங்கிலத்தாலும். எளிய கேள்விகள் இயந்திரத்துக்குப் போகும். கோபமான வாடிக்கையாளர் மகளுக்கு மிஞ்சுவார். அதைவிட உடனடியான மாற்றம் கண்காணிப்பு. முன்பு மேற்பார்வையாளர் சில அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போட்டார், மென்பொருள் எல்லா அழைப்பையும் கேட்கும். தன் மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

அரசுச் சேவை தமிழில் கிடைக்குமா?

கிடைக்காது. 1996 அரசியலமைப்பு தமிழைப் பெயர் சொல்லி, மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. ஆட்சிமொழிகள் பன்னிரண்டில் தமிழ் இல்லை. படிவத்தை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும், புரிய வைக்க நாங்கள் இருக்கிறோம்.

மேசைக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

அடையாள அட்டை அல்லது பழைய பச்சை அடையாளப் புத்தகம், வந்த எஸ்எம்எஸ் அழிக்காமல் உள்ள போன், சார்ஜர், நிராகரிப்புக் கடிதம் இருந்தால் அது. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடி. பின் எண், ஓடிபி எதையும் எங்களிடம் சொல்லாதீர்கள், நாங்களே கேட்டாலும்.